வேனிற்காலத்தில் வேனுக்குள் தங்கும் நோயாளி

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் மருத்துவமனையின் வாகன நிறுத்துமிடத்தில் பழைய வேன்களின் எண்ணிக்கை கூடிவிடுகிறது. பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு மெத்தை விரித்திருப்பார்கள். ஒரு மூலையில் தண்ணீர்க் குடம், இன்னொரு மூலையில் சிறிய எரிவாயு அடுப்பு, கம்பியில் காயும் துண்டு. இரண்டு நாள் பரிசோதனைக்கோ, வாரக்கணக்கில் நீளும் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கோ வெளியூரிலிருந்து வரும் குடும்பங்கள் அந்த வேனிலேயே சமைத்து, அதிலேயே உறங்குகின்றன. மேல்நாடுகளில் மோட்டார் ஹோம் என்றும், அண்மைக் காலமாக நம் நாட்டில் கேரவன் என்றும் விலை உயர்ந்த வண்டிகளாக விற்கப்படுவதன் எளிய வடிவம்தான் இது. படுத்தபடியே பயணம் செய்ய வேண்டிய நோயாளிக்கு இதைவிட வசதியான ஏற்பாடு பல குடும்பங்களுக்கு வாய்ப்பதில்லை. எனவே வேனில் தங்காதீர்கள் என்று நாம் சொல்லப் போவதில்லை. தங்கும் வேனை எப்படிக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்வது என்பதையும், குளிர்ச்சி தேடும்போது செய்யவே கூடாத ஒன்றையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் உடலைப் பற்றிச் சில வார்த்தைகள். நம் தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ். சுற்றியுள்ள காற்று அதைவிடக் குளிர்ந்திருக்கும்வரை உடலின் சூடு தானாகவே காற்றுக்குப் போய்விடும். காற்று அதைவிடச் சூடாகிவிட்டால் வழி தலைகீழாகிறது: காற்றிலிருந்து சூடு உடலுக்குள் வருகிறது. அப்போது நமக்கு எஞ்சியிருக்கும் ஒரே கருவி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை தோலின் மேல் முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் வெளியேறும். ஆவியாகாமல் சொட்டி வடிந்துவிட்டால் தண்ணீரும் உப்பும் வீணானதுதான் மிச்சம். வியர்வை சுரக்க உடலில் நீர் வேண்டும். தோலுக்கு இரத்தத்தைக் கொண்டுவர இதயத்துக்கு வலு வேண்டும். ஆவியாவதற்குக் காற்றோட்டம் வேண்டும். முதுமையும் நோயும் முன்னிரண்டையும் குறைக்கின்றன. மூடிய வேன் மூன்றாவதையும் பறித்துவிடுகிறது.

வெயிலில் பூட்டி நிறுத்திய கார்களில் செய்யப்பட்ட அளவீடுகளில், முதல் அரைமணி நேரத்திலேயே உள்வெப்பம் வெளிவெப்பத்தைவிட 15 டிகிரிக்கும் மேல் உயர்ந்துள்ளது. கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி வைப்பதால் இதில் பெரிய மாற்றம் ஏதும் இல்லை என்பதும் தெரியவந்துள்ளது. வெளியே 36 டிகிரி இருக்கும் ஒரு சாதாரணக் காலைப்பொழுதில், மருந்துச்சீட்டுக்காக வரிசையில் நின்று திரும்புவதற்குள் உள்ளே 50 டிகிரியை எட்டிவிடலாம். குழந்தையையோ, தானாக எழுந்து கதவைத் திறக்க முடியாத முதியவரையோ மூடிய வண்டியில் ஐந்து நிமிடம்கூட விட்டுச் செல்லக் கூடாது.

சூடு எங்கிருந்து வருகிறது?

புதிய வண்டிகளில் கூரைத் தகட்டுக்கும் உட்புற விரிப்புக்கும் இடையே வெப்பத்தைத் தடுக்கும் அடுக்கு ஒன்று இருக்கும். பழைய வேனில் அது பொடிந்து உதிர்ந்திருக்கும், அல்லது தொடக்கத்திலிருந்தே இருந்திராது. வெறும் இரும்புத் தகடும் அதன் அடியில் ஒட்டிய ரெக்சினும்தான். சித்திரை மாத நண்பகலில் தமிழ்நாட்டுக்கு மேல் சூரியன் ஏறக்குறைய உச்சியிலேயே நிற்கிறது. மதுரையில் ஏப்ரல் நடுப்பகுதியிலும் சென்னையில் ஏப்ரல் இறுதியிலும் நண்பகல் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே நம் ஊர்க் கோடையில் வேனின் முதல் எதிரி கூரை. ஜன்னல் திரைகளுக்குச் செலவு செய்துவிட்டுக் கூரையை மறந்துவிடுபவர்களே அதிகம்.

கூரையை வெளிப்புறமாக மறைக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. வெயில் தகட்டைத் தொட்ட பிறகு அதை உள்ளிருந்து தடுப்பது கடினம். இரண்டு மூங்கில் கழிகளைக் கூரையின் மேல் குறுக்காக வைத்து அவற்றின் மேல் வெளிர்நிறத் தார்ப்பாய் ஒன்றை இழுத்துக் கட்டினால் போதும். ஆனால் தார்ப்பாய்க்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி கட்டாயம் இருக்க வேண்டும். அந்த இடைவெளியில் ஓடும் காற்றுதான் வேலையைச் செய்கிறது. தகட்டோடு ஒட்டிக் கிடக்கும் தார்ப்பாய் தன் சூட்டைத் தகட்டுக்கே கொடுத்துவிடும். தென்னங்கீற்று கிடைக்கும் ஊரானால் அதைவிடச் சிறந்தது வேறில்லை. தார்ப்பாயை ஒரு பக்கம் நான்கைந்து அடி நீட்டிக் கட்டினால் பகலில் நோயாளியை அதன் நிழலில் கயிற்றுக் கட்டிலில் படுக்க வைக்கலாம். எந்த வேனின் உட்புறத்தைவிடவும் அந்த இடம் குளிர்ச்சியாக இருக்கும். புறப்படும்போது எல்லாவற்றையும் அவிழ்த்துவிட வேண்டும் என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை.

வண்டி சொந்தமானதாகவும் கோடைதோறும் இப்படிப் பயணம் இருப்பதாகவும் இருந்தால், வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சைக் கூரைக்கு அடித்துக்கொள்வது பயன் தரும். நிற மாற்றத்துக்கு அனுமதி வேண்டுமா என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். உட்கூரையில் தெர்மோகோல் அட்டை ஒட்டுவோரும் உண்டு. அது எளிதில் தீப்பற்றும் பொருள். அடுப்பு வைத்திருக்கும் வேனில் அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

அடுத்தது கண்ணாடி. இங்கும் அதே விதிதான்: உள்ளே தொங்கும் திரையை வந்தடையும் வெயில் ஏற்கெனவே வண்டிக்குள் நுழைந்துவிட்ட வெயில். நிறுத்தியிருக்கும் நேரத்தில் முன் கண்ணாடியின் மேல் வெளிப்புறமாகக் கனமான வெள்ளைத் துணியைப் போர்த்துங்கள். வேன் நிற்கும் திசையையும் கவனியுங்கள். காலையிலும் மாலையிலும் வெயில் சாய்ந்து வரும் பக்கங்கள் கிழக்கும் மேற்கும். வண்டியின் நீளம் கிழக்கு மேற்காக அமைந்தால் நீண்ட ஜன்னல் வரிசைகள் வடக்கையும் தெற்கையும் நோக்கும். சாய்வெயில் குறுகிய முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் மட்டுமே விழும். காசு செலவில்லாத ஏற்பாடு இது. மர நிழல் கிடைத்தால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். ஆனால் காலை எட்டு மணிக்கு இருக்கும் நிழல் பிற்பகல் மூன்று மணிக்கு எங்கே போயிருக்கும் என்று பார்த்து நிறுத்துங்கள்.

மூன்றாவது, இன்ஜின். பழைய வேன்கள் பலவற்றில் அது ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலோ பக்கத்திலோ இருக்கிறது. நான்கு மணி நேரம் ஓடிவந்த இன்ஜின், நிறுத்திய பிறகும் நெடுநேரம் சூட்டை உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். நோயாளியின் தலைமாட்டை அதற்கு எதிர்ப்புறத்தில், வண்டியின் பின்பகுதியில் அமையுங்கள். வந்து நின்றவுடன் எல்லாக் கதவுகளையும் கால்மணி நேரமாவது திறந்து வைத்துவிட்டுப் பிறகு படுக்கையை விரியுங்கள்.

வெப்பமானி ஒன்றை வாங்கி, நோயாளி படுத்திருக்கும் உயரத்தில் தொங்கவிடுங்கள். சூடான காற்று மேலே நிற்கும். நின்றுகொண்டிருப்பவரின் முகத்தில் படும் சூட்டை வைத்துப் படுத்திருப்பவரின் நிலையைக் கணிக்க முடியாது. முதியோர் இருக்கும் அறையைப் பகலில் 32 டிகிரிக்குக் கீழும் இரவில் 24 டிகிரிக்குக் கீழும் வைக்க உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. நம் மே மாத இரவுகளில் 24 டிகிரி கைக்கு எட்டாது. பகலுக்குரிய 32 டிகிரியை ஓர் எல்லைக்கோடாக வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டினால் நோயாளியை வேனிலிருந்து இறக்கி நிழலுக்கோ மருத்துவமனைக் காத்திருப்புக் கூடத்துக்கோ கொண்டுசெல்லுங்கள்.

விசிறி, ஈரத்துணி, ஏசி

மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. வியர்வையை ஆவியாக்க உதவுகிறது, அவ்வளவே. உள்ளே 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் வறண்ட தோலின் மேல் வீசும் விசிறி உடலை மேலும் சூடாக்கும். வியர்வை குறைந்துபோன முதியோருக்கு அந்த எல்லை இன்னும் தாழ்ந்தது. எனவே விசிறியோடு தண்ணீரும் சேர வேண்டும். கை, கால், கழுத்து, மார்பு ஆகிய இடங்களை ஈரத்துணியால் நனைத்து, அதன் மேல் காற்று படும்படி வையுங்கள். வியர்வை செய்ய முடியாத வேலையைத் துணியில் உள்ள தண்ணீர் செய்துவிடும். முதுகுத்தண்டில் காயம்பட்டு உடலின் கீழ்ப்பகுதியில் வியர்க்காத நோயாளிகளுக்கும், நீண்டகால நீரிழிவால் வியர்வை நரம்புகள் பழுதடைந்தவர்களுக்கும் இது மிகவும் அவசியம்.

ஜன்னலில் ஈரக் கோணி கட்டும் பழக்கம் வேலூர், கரூர், திருச்சி போன்ற உள் மாவட்டங்களின் வறண்ட காற்றில் நன்றாகப் பலிக்கும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றே ஈரம் நிறைந்தது. அங்கே ஈரக் கோணி புழுக்கத்தைக் கூட்டிவிடும். கடற்கரை ஊரில் காற்றோட்டமே மருந்து. நிழல் பக்கத்து ஜன்னலைத் திறந்து, கூரையில் காற்றுத்துளை இருந்தால் அதையும் திறந்துவிட்டால், சூடான காற்று மேலேறி வெளியேறும்; நிழலின் குளிர்காற்று அந்த இடத்துக்கு வரும்.

பழைய வேனின் ஏசி ஓடும் வண்டிக்காக அமைந்தது. வண்டி நிற்கும்போது அதன் திறன் வெகுவாகக் குறையும். பயணத்துக்கு முன் முன்புறக் குளிர்விப்பானில் படிந்த தூசியையும் பூச்சிகளையும் தண்ணீர் அடித்துக் கழுவச் செய்தாலே வேறுபாடு தெரியும். ஏறியவுடன் ஏசியைப் போட்டுக் கண்ணாடிகளை மூடிவிடாமல், இரண்டு நிமிடம் ஜன்னல்களைத் திறந்தபடி ஓட்டிச் சூடான காற்றை வெளியேற்றிவிட்டு மூடுங்கள். எப்படியானாலும் ஏசியை நம்பி நண்பகலில் புறப்படுவதைவிட, அதிகாலை மூன்று நான்கு மணிக்குப் புறப்பட்டுப் பத்து மணிக்குள் வந்து சேர்வதே நல்லது. முன்பே தெரிவித்தால் வெளியூர் நோயாளிகளுக்கான சந்திப்பு நேரத்தை அதற்கேற்ப மாற்றித் தருகிறோம்.

செய்யவே கூடாத ஒன்று

நள்ளிரவு. புழுக்கம் தாங்கவில்லை. நோயாளி முனகுகிறார். ஓட்டுநர் இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுகிறார்; கண்ணாடிகளை ஏற்றிவிட்டு எல்லாரும் கண்ணயர்கிறார்கள். அன்பினால் செய்யும் இந்தச் செயல் ஒரு குடும்பத்தையே கொன்றுவிடக்கூடும்.

2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த ஒரு கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தனர். ஏசிக்காக ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டரின் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே பரவியதே காரணம் என்று ஆய்வில் தெரியவந்தது. இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணெரிச்சலும் தராது. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவோடு பற்றிக்கொள்கிறது. பழைய வேனில் புகைக்குழாயின் இணைப்புகள் தளர்ந்திருக்கும். தரைத்தகட்டில் துருவேறிய துளைகள் இருக்கும். வண்டி ஓடும்போது புகை பின்னால் போய்விடும். நிற்கும்போது அடியிலேயே தேங்கி அத்துளைகளின் வழியே மேலே வரும். சுவரோரம் பின்புறத்தை ஒட்டி நிறுத்தியிருந்தால் இன்னும் விரைவாக வரும்.

மருத்துவர் என்ற முறையில் எங்களை மிகவும் கவலைப்பட வைப்பது ஒன்று உண்டு. தலைவலி, குமட்டல், தலைசுற்றல், சோர்வு, குழப்பம் ஆகியவை வெப்பச் சோர்வின் அறிகுறிகள். கார்பன் மோனாக்சைடு நச்சின் அறிகுறிகளும் அவையே. வெயிலால்தான் என்று எண்ணி ஏசியைக் கூட்டி, கண்ணாடியை இன்னும் இறுக்கமாக மூடினால், நோய்க்கு மருந்தாக நஞ்சையே கொடுத்ததாகிவிடும். வேறுபடுத்தி அறியச் சில குறிப்புகள் உண்டு: வண்டியில் இருக்கும் பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்தால், இன்ஜினோ ஜெனரேட்டரோ அடுப்போ ஓடும்போது வந்தால், வெளியே இறங்கியதும் தணிந்தால், அது பெரும்பாலும் வாயுதான். கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிப் பார்த்து 98 என்று காட்டுகிறதே என்று ஆறுதல் அடையாதீர்கள். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினையும் கார்பன் மோனாக்சைடு ஏறியதையும் அந்தக் கருவியால் பிரித்தறிய முடியாது. நச்சேறிய ஒருவருக்கும் அது நல்ல எண்ணையே காட்டும்.

ஐயம் வந்த கணமே அனைவரையும் வெளியே இறக்குங்கள்; இன்ஜினை அணையுங்கள்; 108-ஐ அழையுங்கள். வண்டிக்குள் அடுப்பெரித்துச் சமைப்பதும், மழை என்று கரியடுப்பை உள்ளே எடுத்து வருவதும் இதே ஆபத்தைச் சார்ந்தவை. கொசுவர்த்திச் சுருளைப் பற்றவைத்து வேனைச் சாத்திவிடுவதும் வேண்டாம். நுரையீரல் நோயாளிக்கு அந்தப் புகையே மூச்சிரைப்பைக் கொண்டுவந்துவிடும். கொசுவலையைக் கட்டிக்கொண்டு ஜன்னல்களை முழுவதும் திறந்து உறங்குங்கள். விசிறி வேண்டுமென்றால் 12 வோல்ட்டில் ஓடும் சிறிய விசிறிகள் கிடைக்கின்றன. வண்டியின் பேட்டரி தீர்ந்துவிடாமல் இருக்கத் தனி பேட்டரி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பகலில் ஓடும்போது ஏற்றிக்கொள்ளலாம்.

மருந்தும் தண்ணீரும்

வெயிலைத் தாங்கும் திறனைச் சில மருந்துகள் குறைக்கின்றன. சிறுநீர் பிரியச் செய்யும் ஃபுரோசமைடு, நீரிழிவுக்கான டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகியவை உடலின் நீரைக் குறைக்கும். மெட்டோபுரோலால் போன்றவை இதயத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்துகின்றன. அமிட்ரிப்டிலினும் டிரைஹெக்சிஃபெனிடிலும் வியர்வையைக் குறைக்கும். லித்தியம் உட்கொள்பவருக்கு நீர்ச்சத்து குறைந்தால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஆபத்தான நிலைக்கு ஏறிவிடும். இவற்றில் எதையும் நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். கோடைப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே எங்களைத் தொடர்புகொண்டு, அளவை மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள்.

வெயில் காலத்தில் நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்ற பொது அறிவுரை எல்லாருக்கும் பொருந்தாது. சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கும், இதயம் பலவீனமாகிக் கால் வீங்கியிருப்பவருக்கும் மிகையான நீர் மூச்சுத்திணறலாக மாறும். அவர்களுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு என்ற அளவு மருத்துவக் குறிப்பில் எழுதப்பட்டிருக்கும். அந்த அளவை ஒரு பாட்டிலில் காலையிலேயே எடுத்து வைத்து, நாள் முழுவதற்கும் பகிர்ந்து கொடுங்கள். தாகத்தைத் தணிக்க வாய் கொப்பளிப்பதும், குளிர்ந்த துணியை உடலில் வைப்பதும் அவர்களுக்கு உதவும். இளநீரில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரக நோயாளிக்கு அது ஆகாது. இத்தகைய கட்டுப்பாடு இல்லாத முதியோருக்குத் தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் மணிக்கொரு முறை நீரோ நீர்மோரோ கொடுங்கள். வயது ஏறஏறத் தாக உணர்வு மங்கிவிடுகிறது. ஓ.ஆர்.எஸ். கரைப்பதானால் உறையில் குறித்த அளவு நீரில் முழு உறையையும் கரைக்க வேண்டும். பாதி பாதியாகக் கரைப்பதால் உப்பின் அளவு தவறிவிடும்.

தூக்கமா, மயக்கமா?

அசந்து தூங்குகிறார் என்று நினைத்தோம் என்பதே குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி சொல்லும் சொல். வெயில் நேரத்தில் தூங்கும் நோயாளியை அரைமணிக்கு ஒருமுறை பெயரோ உறவுமுறையோ சொல்லி எழுப்புங்கள். இன்று என்ன கிழமை, நாம் எங்கே இருக்கிறோம் என்று கேளுங்கள். பதில் குழறினால், பேச்சு பொருத்தமில்லாமல் இருந்தால், உடல் அனலாகக் கொதித்தால், வெப்பத்தாக்கு என்றே கொள்ளுங்கள். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி மூளை தடுமாறத் தொடங்கிவிட்ட நிலை அது. வியர்வை நின்றிருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வியர்வை வழியும்போதே வெப்பத்தாக்கு வருவதுண்டு.

108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை குளிர்விக்கத் தொடங்குங்கள். இந்நோயில் சேதத்தின் அளவை முடிவு செய்வது எத்தனை நிமிடம் உடல் கொதித்தது என்பதே. நிழலில் கிடத்தி, உடைகளைத் தளர்த்தி, உடல் முழுவதும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். பனிக்கட்டி கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குப் போய்விடும். காய்ச்சல் மாத்திரை இதற்குப் பயன்படாது. இது காய்ச்சல் அன்று.

வேனில் இருக்கும் மருந்துப் பையையும் கவனிக்க வேண்டும். இன்சுலினை வண்டியின் முன்தட்டில் வைக்காதீர்கள். பனிக்கட்டியின் மேலும் நேரடியாக வைக்காதீர்கள், உறைந்த இன்சுலின் வீணானதே. ஈரமணல் நிரப்பிய மண்சட்டிக்குள் இன்னொரு சிறு சட்டியை வைத்து அதில் மருந்தைப் பாதுகாக்கும் கிராமத்து முறை, வறண்ட ஊர்களில் இன்றும் நம்பத்தக்கது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரையை அதன் மூலப்புட்டியிலேயே, சூடுபடாத இடத்தில் வைத்திருங்கள். ஆஸ்துமா இன்ஹேலர் மிகுந்த சூட்டில் வெடிக்கக்கூடும். புற்றுநோய் வலிக்காக ஃபென்டனில் ஒட்டு அணிந்திருப்பவரின் உடல் சூடேறினால் மருந்து அளவுக்கு மீறி உட்செல்லும். அவருடைய மூச்சு மெதுவாவதும் எழுப்ப முடியாத உறக்கமும் உடனே எங்களிடம் சொல்லப்பட வேண்டியவை. அந்த ஒட்டு இருக்கும் இடத்தில் வெயில் நேராக விழாதபடி அவரது படுக்கையை அமையுங்கள்.